தாய் என்ற கட்டம்

"குழந்தையோட அம்மா யாருங்க?" என்று டாக்டர் கேட்டார்.

மகிழாவை மடியில் வைத்திருந்த அக்கா, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல நிமிர்ந்து, "நானுங்க" என்றாள்.

டாக்டர் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"உங்க பேரு தேன்மொழிதானே? அப்ப மைவிழிங்கிறது யாரு?"

பால் புட்டியும் துணியும் வைத்த பையோடு கதவோரம் நின்றிருந்த நான் தரையைப் பார்த்தேன்.

"அது என்ற தங்கச்சிங்க. இன்னும் கல்யாணம் ஆகலைங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயதில் சின்னவர். கழுத்திலிருந்த அட்டையில் பரிமளா என்று போட்டிருந்தது.

"குழந்தைக்கு வந்திருக்கறது தலசீமியா. உடம்புல ரத்தம் ஒழுங்கா ஊறாது. மூணு வாரத்துக்கு ஒரு தடவை வெளிய இருந்து ஏத்தணும். பின்னாடி எலும்பு மஜ்ஜை மாத்தலாம். அதுக்கு யாரு பொருந்தறாங்கன்னு பாக்கத்தான் குழந்தையோட மரபணுவை உங்க குடும்பப் பதிவேட்டோட ஒத்துப் பாத்தோம். அப்பா குணசீலன், சரியா இருக்கு. அம்மான்னு பதிவேடு காட்டறது மைவிழியை. நீங்க இந்தக் குழந்தைக்குப் பெரியம்மா."

அக்காவின் மாமியார், அதாவது எங்கள் அப்பாவின் தங்கை, சரஸ்வதி அத்தை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஏனுங் டாக்டரம்மா, பிரசவத்தன்னிக்கு நான் கதவுக்கு வெளிய நின்னவ. முதல் அழுகைச் சத்தத்தை நான் கேட்டேன். பெத்தவளைப் பெரியம்மாங்கறீங்க. உங்க பொட்டிக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருக்குதுங்களா?"

"கோவப்படாதீங்கம்மா. கருமுட்டை வாங்கி வச்சுப் பெத்துக்கிட்டீங்களா? அப்படி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிருங்க. மறைச்சா சிகிச்சைதான் தள்ளிப் போகும்." டாக்டர் குரலை இறக்கினார். "ஒரு விஷயத்துல நிம்மதியா இருங்க தேன்மொழி. இப்ப உங்க வயித்துல இருக்கறதுக்கு இந்த நோய் வராது. உங்ககிட்ட அந்தக் கோளாறு இல்லைன்னு பதிவேட்டுல தெளிவா இருக்கு. அதுக்குச் சோதனை எதுவும் தேவையில்லை."

அக்காவுக்கு அப்போது எட்டாவது வாரம்.

தன் மகள் தன் மகள் இல்லை என்று ஒரு டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதும், அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு அக்காவின் கை வயிற்றுக்குப் போனது. அவள் முகத்தில் ஒரு சிறிய ஆறுதல் வந்து போனதைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

*

எங்கள் ஊர் மரபுப் பதிவேட்டு மையத்தில் எச்சில் வாங்குவதுதான் என் வேலை.

சட்டம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கல்யாணத்தைப் பதிய வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பித் தர வேண்டும். பத்து நாளில் சீட்டு வரும். இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு ஒளிந்திருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. சிவப்புச் சீட்டுக்குச் சட்டத்தில் தடை கிடையாது. குழந்தை உண்டானதும் பத்தாவது வாரத்தில் வந்து ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள் என்று அதன் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. பச்சைச் சீட்டைப் பத்திரிகையில், மஞ்சள் தடவும் மூலைக்குப் பக்கத்திலேயே அச்சடிக்கும் வழக்கம் வந்திருந்தது. சிவப்பு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் மையத்தின் வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அக்கா. எங்களுக்கு அம்மா இல்லை. அப்பா லாரியோடு பாதி மாதம் வெளியூரில். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனாலேயே பள்ளிக்குப் போவதை விட்டேன். "பேசற வேலை வேண்டாம், கைவேலை எதாச்சும் இருந்தாக் குடுங்க" என்று மையத்தை நடத்திய ரோசலின் மேடத்திடம் அக்காதான் போய்க் கேட்டாள்.

எச்சில் கொடுக்க வருகிறவர்களுக்கு மேடம் மரபு பற்றி விளக்குவார். யாருக்கும் புரியாது. ஒரு நாள் ஒரு பெண்ணின் தகப்பனார் சண்டைக்கே வந்துவிட்டார்.

"பையனுக்கும் நோவில்ல, புள்ளைக்கும் நோவில்லன்னு நீங்களே சொல்றீங். பொறவு பொறக்கப் போற குழந்தைக்கு மட்டும் எங்கிருந்துங் வரும்? ரெண்டு வெள்ளை ஆடு சேந்தா கறுப்புக் குட்டியா போடும்?"

"எங்க பட்டியில போட்டுச்சுங்" என்றார் வரிசையில் பின்னால் இருந்த ஒருவர்.

"அப்ப நீ பட்டிக்கு ஒழுங்கா காவல் இருக்கல!"

எல்லாரும் சிரித்தார்கள். மேடத்துக்கு முகம் சிவந்தது. நான் மேசைக்கடியிலிருந்து பட்டன் டப்பாவை எடுத்து வந்தேன். அக்கா வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஒதுக்கிப் போட்ட சட்டைப் பட்டன்கள். சண்டைக்கு வந்த அந்தப் பெரியவரின் உள்ளங்கையில் ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் வைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா கையிலும் அதேபோல் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. மேடம் புரிந்துகொண்டு பேச ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டு பட்டன். ஒரு வெள்ளை இருந்தாப் போதும், உடம்பு ஓடிரும். செகப்பு உள்ள இருக்கறதே தெரியாது. குழந்தைக்கு நீங்க குடுக்கறது ரெண்டுல ஒண்ணு. எதுன்னு நீங்க முடிவு பண்ண முடியாது. கண்ணை மூடிட்டு ஆளுக்கொண்ணு இந்தப் புள்ள கையில போடுங்க."

முதல் முறை வெள்ளையும் வெள்ளையும் விழுந்தது. அடுத்து வெள்ளையும் சிவப்பும். ஐந்தாவது முறை என் உள்ளங்கையில் இரண்டு சிவப்பு.

பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்தக் குழந்தை?" என்றார். அதற்கு மேல் சண்டை போடவில்லை.

வாயால் சொல்ல வராததைக் கையால் காட்டிவிட முடியும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அது எனக்கு நல்லது செய்யவில்லை.

அக்காவுக்கும் அத்தை மகன் குணசீலன் மாமாவுக்கும் சின்ன வயதிலிருந்தே பேச்சு. அக்கா அவரைத் தவிர வேறு யாரையும் நினைத்ததில்லை. மாமா வேலைக்குச் சேரும்போதே கம்பெனியில் சோதித்து ஒரு சிவப்பு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அது எங்கள் தாத்தாவிடமிருந்து அத்தைக்கு வந்து அவருக்குப் போனதாக இருக்கும். அதே தாத்தாவின் மகன்தான் எங்கள் அப்பா. இதை நான் கணக்குப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை.

எச்சில் கொடுக்கும் நாளன்று அக்கா மத்தியான இடைவேளையில் வந்தாள். வழியில் ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மேடம் சாப்பிடப் போயிருந்தார். மையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கும் விரல் அட்டைகள் இருந்தன. அக்கா விரலை நீட்டினாள்.

"சும்மா பாரு அம்மிணி. பத்து நாள் காத்திருக்க மனசு கேக்கல."

ஒரு கோடு வந்தால் இரண்டும் வெள்ளை. இரண்டு கோடு வந்தால் ஒன்று சிவப்பு.

இரண்டு கோடு வந்தது.

"என்ன புள்ள, நல்லதுதானே?"

ஒரு சொல்தான். வாய் வரை வந்தது. அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். நான் அட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அது. அதை வாயைத் திறக்காமலே சொன்னேன்.

அவள் குழாயில் துப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். மையத்தில் வேலை பார்ப்பவர்களும் பதினெட்டு முடிந்ததும் எச்சிலைப் பதிய வேண்டும் என்பது விதி; எனக்கும் முடிந்திருந்ததால் என்னுடையதையும் அன்றே பதிய வேண்டியிருந்தது. என் விரலையும் குத்திப் பார்த்தேன். ஒரே கோடு. மேசைமேல் இரண்டு குழாய்கள், பக்கத்தில் பெயர் அச்சடித்த இரண்டு ஒட்டுத்தாள்கள். தேன்மொழி. மைவிழி. என் குழாயில் அவள் பெயரை ஒட்டினேன். அவள் குழாயில் என் பெயரை ஒட்டினேன். பசை காய்வதற்குள் மேடம் வந்துவிட்டார்.

என்னைப் பெண் கேட்டு யாரும் வரப் போவதில்லை, என் பெயரில் ஒரு சிவப்பு இருந்தால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். அக்கா எனக்காக எவ்வளவோ செய்திருக்கிறாள், நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று நினைத்தேன். நாலில் மூன்று பங்கு நல்லதாகத்தானே விழும் என்றும் நினைத்தேன். இதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட காரணங்களோ என்னவோ. கெட்ட செய்தியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். கை வந்தது.

பச்சைச் சீட்டு வந்தது. கல்யாணம் நடந்தது. அக்கா உண்டானாள். பச்சைச் சீட்டுக்காரர்களுக்குப் பத்தாவது வாரச் சோதனை கிடையாது, பிறந்த பிறகும் கிடையாது. அந்தப் பத்தாவது வாரத்தில் நான் மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் பெரிய நெல்லிக்காய் வாங்கிக்கொண்டு போய், அவள் உப்புத் தொட்டுக் கடிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பதினோராவது வாரம் வந்தது. பிறகு மகிழாவும் வந்தாள். ஏழு மாதம் வரை நன்றாக இருந்தாள். அப்புறம் அவள் உதடு வெளுக்க ஆரம்பித்தது.

*

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அத்தை என்னைச் சுவரோடு நிறுத்திவிட்டாள்.

"வாயைத் தொறக்காத புள்ள, வாயில்லாப் பூச்சின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே! வாரம் மூணு வாட்டி நெல்லிக்கா தூக்கிட்டு வந்தது எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. அக்காளைப் பாக்கவா வந்தே நீ?"

"அம்மா, வாயை மூடு" என்றார் மாமா. அக்கா பக்கம் திரும்பினார். "தேனு, நீ என்னைப் பாரு. கோயில்ல சூடத்தை வேணா அணைக்கறேன். இந்தப் புள்ளகிட்ட நான் முகம் பாத்துப் பேசினதுகூட இல்ல."

"பேசாமயே எல்லாம் நடக்குதே!"

"அத்தே, அவ வயித்துலயா குழந்தை இருந்துச்சு? என்ற வயித்துல இருந்துச்சு" என்றாள் அக்கா. மகிழாவை மாமாவிடம் கொடுத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா."

தாழ்வாரக் கோடியில் குடிநீர்க் குழாய் இருந்தது. யாரோ சரியாக மூடாமல் போயிருந்தார்கள். அக்கா அதை இறுக்கி மூடினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"மைவி," என்றாள். "எனக்கு ஒண்ணும் புரியல. மகிழா என்ற குழந்தைதானே? பிரசவத்துல எனக்கு மயக்கம் வந்துச்சு. அப்ப மாத்திட்டாங்களா? நீ அந்த வேலையில இருக்கறவ. உனக்குத் தெரியுமில்ல, சொல்லு. அவ என்ற குழந்தைதானே?"

அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன் வயிற்றைச் சந்தேகப்பட்டாள்.

இப்போது காட்டுவதற்கு என் கையில் எதுவும் இல்லை. பட்டன் இல்லை, அட்டை இல்லை.

"உன்ற குழந்தைதாங்க்கா" என்றேன். "நான்தான்... எச்சில் குடுத்த அன்னிக்கு... பேரை மாத்தி ஒட்டிட்டேன். உன்றது என்ற பேர்ல இருக்குது. என்றது உன்ற பேர்ல. அதனாலதான் பொட்டி அப்படிச் சொல்லுது. விரல் அட்டையில உனக்கு ரெண்டு கோடு வந்துச்சுக்கா. நல்லதுன்னு நான் தலையாட்டினது பொய்."

அக்கா என் வாயையே பார்த்தாள். நான் இவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை. பிறகு அவள் கை மெதுவாக வயிற்றுக்குப் போனது. முன்பு போனதுபோல இல்லை.

"அப்ப இது?"

"நாலுல ஒரு பங்கு. மகிழாவுக்கு இருந்த அதே பங்கு. பத்தாவது வாரத்துல பாக்கணுங்க்கா. இந்தத் தடவை பாத்தே ஆகணும்."

"அவளுக்கும் பாத்திருக்கலாமா?"

"பாத்திருக்கலாம்."

"உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

"கல்யாணம் நின்னுருமேன்னு பண்ணினியா?"

தலையாட்டப் போனேன். நிறுத்திக்கொண்டு, "ஆமா" என்றேன்.

"செகப்புச் சீட்டு வந்திருந்தாலும் நான் அவரைத்தான் கட்டியிருப்பேன்" என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "அத்தை குதிச்சிருக்கும். மண்டபம் இல்லாம பதிவு ஆபீஸ்லயே மாலை மாத்தியிருப்போம். ஆனா சீட்டோட பின்பக்கத்தை நான் படிச்சிருப்பேன் மைவி. பத்தாவது வாரம் போய்ப் பாத்திருப்பேன். பாத்துட்டு என்ன பண்றதுன்னு நானும் அவரும் உக்காந்து யோசிச்சிருப்போம். அழுதாவது முடிவு பண்ணியிருப்போம். நீ எங்களை அதுக்குக்கூட விடல."

அவள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். மறுபடி இறுக்கி மூடினாள்.

"டாக்டர்கிட்ட வந்து சொல்லு. நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

*

சொன்னேன். டாக்டர் பரிமளா நான் முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் முதலில் காலண்டரைப் பார்த்து, அக்காவின் சோதனைக்கு நாள் குறித்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"பதிவேட்டைத் திருத்தணும்னா ரெண்டு பேரும் மறுபடி எச்சில் குடுக்கணும், விசாரணை நடக்கும். தொண்ணூறு நாளாவது ஆகும். உங்க மேல வழக்கு வரலாம், தெரியுமா?"

"தெரியுங்க."

"அதுவரைக்கும் ஒரு சிக்கல் இருக்கு. குழந்தைக்கு ரத்தம் ஏத்த அப்பா கையெழுத்து மட்டும் போதாது, அம்மா கையெழுத்தும் வேணும். பதிவேட்டுல இருக்கற அம்மா கையெழுத்து."

அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். என்னைத் திட்டியதற்கு வருத்தமா, வேறு காரணத்துக்காகத் திட்ட வேண்டியிருக்கிறதே என்ற குழப்பமா தெரியவில்லை. "விடு கண்ணு" என்று அக்காவிடம் சொன்னாள். "நாலுல ஒண்ணுங்கறாங்க. அந்த ஒண்ணு வந்துருச்சில்ல. மீதி மூணும் நல்லதாத்தான் இருக்கும்."

"இல்லைங்கத்தே" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒவ்வொரு குழந்தைக்கும் பட்டனை முதல்ல இருந்துதான் எடுக்கறது. முன்னாடி விழுந்ததுக்கும் பின்னாடி விழறதுக்கும் சம்பந்தம் கிடையாது."

இதை நாலு பேர் முன்னால் நான் சொன்னதற்கு ஒரு காலத்தில் அக்கா சந்தோஷப்பட்டிருப்பாள். இப்போது அவள் படிவத்தை எடுத்து மேசைமேல் என் பக்கம் தள்ளினாள்.

"போடு."

தாய் என்று அச்சடித்த கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அக்கா பின்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். மூன்று வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் எழுதினேன், அப்போதும் பின்னால் நின்றாள். நடுவில் மையத்தில் எங்கள் இருவரிடமும் மறுபடி எச்சில் வாங்கினார்கள். வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டதால் நான் வெளிப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரோசலின் மேடம் ஒட்டுத்தாள்களை எடுத்தபோது, "குடுங்க மேடம்" என்று அக்கா கையை நீட்டி வாங்கினாள். இரண்டு குழாயிலும் அவளே ஒட்டினாள். ஒட்டிவிட்டு இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் மேசையில் வைத்தாள்.

பத்தாவது வாரத்தில் அக்காவின் வயிற்றில் ஊசி போட்டுக் கருவிலிருந்து மாதிரி எடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிவு வரும் என்றார்கள்.

ஆறாவது நாள், அப்பாவின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் போன் ஒலித்தது. மரபுப் பதிவேட்டிலிருந்து செய்தி. "வணக்கம் மைவிழி. உங்கள் கருவிலுள்ள குழந்தையின் சோதனை முடிவு தயாராக உள்ளது."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு புரிந்தது. தொண்ணூறு நாள் இன்னும் முடியவில்லை. அக்காவின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் பதிவேட்டில் தாய் நான்தான். செய்தி எனக்குத்தான் வரும். அக்காவுக்கு வராது.

திறந்து படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து மகிழாவுக்கு ராகிக் களி ஊட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் ரத்தம் ஏற்றியதால் குழந்தையின் உதட்டில் நிறம் இருந்தது. என்னைப் பார்த்ததும் "த்தீ" என்று கையை நீட்டினாள். சித்தி என்பது அவள் வாயில் அப்படித்தான் வரும்.

அக்கா என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். ஊட்டிய கை அப்படியே நின்றது.

"சொல்லு" என்றாள்.

"ஒரு வெள்ளைக்கா. ஒரு செகப்பு. உன்ன மாதிரியேதான். நோய் வராது. குழந்தைக்கு ஒண்ணும் இல்ல."

இவ்வளவையும் நிறுத்தாமல், தெளிவாக, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். ஒரு எழுத்துகூடத் தொண்டையில் மாட்டவில்லை.

அக்கா களி ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்தாள். எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி நின்று, மேலிருந்து கீழே வரை, அடியில் சின்ன எழுத்தில் இருந்த குறிப்பும் விடாமல், தானே படிக்கத் தொடங்கினாள்.